பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த ரயர், எவ்வளவு காற்று?

திருகோணமலையில் ஒரு பழைய ஹொண்டாவையோ பிஎஸ்ஏவையோ கொண்டு காற்று அடிக்கப் போனால், அங்கே நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருக்கும். "முன்னுக்கு 30, பின்னுக்கு 40 அடிங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்பார் ஒருவர். "பழைய வண்டிதானே அண்ணன், 20 காணும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குனிந்து ரயரைக் காட்டி, "இதிலயே எழுதியிருக்கே, அதை அடிச்சா சரி" என்பார். மூன்று பேச்சிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தக் குழப்பம் தீராமல் கிடக்கிறது.

இங்கே பழைய மோட்டார் சைக்கிள் என்று நான் சொல்வது, ஏறத்தாழ 1980களின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளை: ஹொண்டா சி90, சிடி125, என்ஃபீல்ட் புல்லட், பிஎஸ்ஏ, ட்ரையம்ப் போன்றவை. கம்பிச் சில்லு, உள்ளே ரியூப், ஒடுங்கிய ரயர். இந்த மூன்றும் சேர்ந்த வண்டிக்கு, இன்றைய அகலச் சில்லு வண்டிகளுக்குச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் பொருந்தாது.

பாரத்தைத் தாங்குவது யார்?

ரயர்தான் வண்டியைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. இறப்பரும் அதற்குள் இருக்கும் நூலும் அந்தக் காற்றை ஓர் உருவத்துக்குள் கட்டிவைக்கும் பை மட்டுமே.

உட்துறைமுகக் கரையில் நிற்கும் ஒரு தோணியைப் பாருங்கள். வெறுமையாக இருக்கும்போது கொஞ்சம்தான் அமிழ்ந்திருக்கும். ஒருவர் ஏறினால் இன்னும் சிறிது இறங்கும். இறங்க இறங்கத் தண்ணீர் அதை மேலே தள்ளும் விசை கூடிக்கொண்டே போகும். ஏறிய பாரமும் தள்ளும் விசையும் சமமானதும் தோணி நின்றுவிடும். ரயர் தரையில் "அமிழ்வது" இதே முறையில்தான். பாரம் ஏறினால் அடிப்பகுதி தட்டையாகும். தட்டையாகத் தட்டையாகத் தரையைத் தொடும் பரப்பு கூடும். அந்தப் பரப்பில் உள்ளே இருக்கும் காற்று தள்ளும் விசை பாரத்துக்குச் சமமாகும்போது தட்டையாவது நின்றுவிடும்.

காற்று ஒவ்வொரு சதுர அலகுப் பரப்பிலும் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதே அமுக்கம். பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்று பொருள். பழைய ஜப்பானியக் கைநூல்களில் சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோ என்று போட்டிருப்பார்கள். அதில் 1 என்பது 14.2 பிஎஸ்ஐ. சில காற்று இயந்திரங்களில் வரும் 'பார்' இதற்கு மிக அண்மையானது: 14.5 பிஎஸ்ஐ.

கிலோக் கணக்கில் போட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். வண்டி 140 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 210. அதில் ஏறத்தாழ 60 வீதம் பின் சில்லில் விழுகிறது என்று வைத்தால் 126 கிலோ. பின் ரயரில் 28 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 2 கிலோ. 126ஐ 2ஆல் பிரித்தால் 63. வண்டியின் பின்பாரம் முழுவதும் 8 க்கு 8 சென்ரிமீற்றர் கூட வராத ஒரு துண்டில் நிற்கிறது. 40 பிஎஸ்ஐ அடித்தால் அந்தத் துண்டு 45 சதுர சென்ரிமீற்றராகச் சுருங்கும். 20 மட்டும் அடித்தால் 90 ஆக விரியும். ரயரின் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் உண்மை எண்கள் இதிலிருந்து சற்று விலகும், போக்கு மாறாது.

இப்போது பின்னால் 60 கிலோ ஆள் ஒருவரை ஏற்றுங்கள். அவருடைய பாரத்தில் 50 கிலோ பின் சில்லுக்குப் போனால் அங்கே 176 கிலோ. காற்றைக் கூட்டாமல் விட்டால் தரை தொடும் பரப்பு 88க்குப் போய்விடும். தனியாக 20 பிஎஸ்ஐயில் ஓடுவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கைநூல்கள் இருவர் போகும்போது பின் ரயருக்கு மட்டும் 4 பிஎஸ்ஐ அளவு கூட்டச் சொல்வதன் காரணம் இதுவே.

சுருக்கமாக: பாரமும் அமுக்கமும் சேர்ந்துதான் ரயர் எவ்வளவு தட்டையாகும் என்று முடிவு செய்கின்றன. ஆகவே "இந்த ரயருக்கு இவ்வளவு" என்ற கேள்வியே அரைக் கேள்வி. எந்த வண்டியில், யார் யார் ஏறி என்பது மற்ற அரை.

குறைந்தால் சூடு, கூடினால் துள்ளல்

19 அங்குலச் சில்லில் 3.25 ரயர் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் ஓடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு 8 சுற்று. அதாவது ரயரின் ஒவ்வொரு பகுதியும் செக்கனுக்கு 8 தடவை தட்டையாகித் திரும்ப வளைகிறது. இறப்பர் வளைந்து நிமிரும்போது கொடுத்த சக்தி முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பங்கைச் சூடாக வைத்துக்கொள்ளும். காற்றுக் குறைந்தால் வளைவு பெரிதாகும், சூடும் பெரிதாகும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தார் வீதியே கொதிக்கிறது. அந்த வெயிலில் கந்தளாய் வரை இருவர் ஏறிக் குறைந்த காற்றோடு போவது, பழைய ரயரின் உள் நூல்களைப் பிரித்துவிடும் காரியம்.

குறைந்த காற்றுக்கு இன்னொரு கெடுதி உண்டு, அது ரியூப் வண்டிக்கே உரியது. பிறேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் ரயர் றிம்மில் மெல்ல மெல்ல நகரும். ரயரோடு ஒட்டிய ரியூபும் நகரும். ஆனால் வால்வு றிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கிறதே! அது சரிந்து, ஒரு நாள் அடியோடு கிழியும். ஆணி குத்திய ஓட்டைபோல் மெல்லக் கசிவதல்ல, முழுக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அது முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை. பலர் வால்வு நட்டை றிம்மோடு சேர்த்து இறுக்கிவிடுகிறார்கள். அதை மேலே மூடிக்குக் கிட்ட விட்டுவிடுங்கள். சாய்வு கண்ணுக்குத் தெரியும்.

கூடினால் என்ன என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தரை தொடும் துண்டு சுருங்கும், சில்லு பள்ளத்தில் விழுந்து துள்ளும், நடுப்பகுதி மட்டும் தேயும். "கல்லு மாதிரி நிக்கும்" என்பது பாராட்டு அல்ல. அந்தக் காலத்துச் சொக்கப்சோபரின் வேலையில் பாதியை ரயர்தான் செய்தது.

மாரியில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கும் வழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றுக் குறைந்த ரயரில் வெட்டுகள் தரையில் அழுந்தி மூடிக்கொள்ளும். தண்ணீர் வெளியேறும் வழி அடைபடும். நிலாவெளி மணலில் இறங்குவதற்குக் குறைத்தால் பயன் உண்டு, அது வேறு. திரும்பத் தார் வீதிக்கு ஏறும்போது அடித்துவிட வேண்டும்.

ரயர்ச் சுவரில் இருக்கும் எண், கட்டளை அல்ல

மூன்றாமவர் காட்டினாரே, அதற்கு வருவோம். "அதிகபட்சப் பாரம் 230 கிலோ, குளிர்ந்த நிலையில் 42 பிஎஸ்ஐ" என்பது போல ஒரு வரி சில ரயர்களில் இருக்கும். அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சப் பாரத்தை ஏற்றும்போது அடிக்க வேண்டிய அமுக்கம் அது. உங்கள் பின் சில்லில் 126 கிலோதான் இருக்கிறது என்றால் 42 உங்களுக்கான எண் அல்ல. ரயர் செய்தவருக்கு அது எந்த வண்டியில் ஏறப் போகிறது என்று தெரியாது. வண்டி செய்தவருக்குத் தெரியும். ஆகவே அமுக்கத்தை வண்டியின் கைநூலில் தேட வேண்டும்.

சுவரில் படிக்க வேண்டியவை வேறு சில. 57 எஸ் என்று இருந்தால், 57 என்பது பாரச் சுட்டெண்: 230 கிலோ. எழுத்து வேகத்துக்கு: ஜே 100, எல் 120, எஸ் 180, எச் 210 கிலோமீற்றர். சி90க்கு எச் தேடி அலையத் தேவையில்லை. 4பிஆர், 6பிஆர் என்பதை உள்ளே 4 அடுக்கு, 6 அடுக்கு நூல் என்று விளக்குவார்கள். பருத்தி நூல் காலத்தில் அது சரி. இப்போது அது பலத்தின் அளவுகோல் மட்டும். 6 என்று போட்ட ரயருக்குள் அடுக்குகள் அதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நான்கு இலக்கத் திகதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பழைய அளவு ரயர்கள் மெதுவாக விற்பவை. ஆகவே கடை அலுமாரியில் "புது" ரயராகவே பல வருடம் கிடந்திருக்கலாம். பழைய வண்டிகளும் ஓடுவதைவிட நிற்பதே கூட. ரயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். பூ (மேலே உள்ள வெட்டுகள்) நிறைய இருக்கும், இறப்பர் மட்டும் காய்ந்து கல்லாகியிருக்கும், சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். 5 வருடம் கடந்த ரயரை வருடத்துக்கு ஒரு முறை நன்றாகப் பாருங்கள். 10 வருடம் கடந்ததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றிவிடுங்கள்.

அளவுகள்: அங்குலமும் மில்லிமீற்றரும்

புல்லட், பிஎஸ்ஏ வகைகளில் காணும் 3.25-19 என்பதில் முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது றிம்மின் விட்டம், இரண்டும் அங்குலம். உயரம் எங்கே? எழுதவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்து ரயரில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று.

புதிய முறையில் 90/90-18 என்று வரும். அகலம் 90 மில்லிமீற்றர். உயரம் அந்த அகலத்தின் 90 வீதம், அதாவது 81 மில்லிமீற்றர். றிம் மட்டும் இன்னும் அங்குலத்திலேயே 18. பழைய 3.25-18 ரயரின் முழு விட்டம் சுமார் 622 மில்லிமீற்றர், 90/90-18இன் விட்டம் 619. ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றது போகலாம். அதேபோல 2.75க்கு 80/90, 3.50க்கு 100/90. பெயரளவு கணக்கு இது. வாங்கும் முன் மட்காட்டுக்கும் செயினுக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

அகல ரயர் போட்டால் பிடிப்புக் கூடும் என்ற நம்பிக்கைதான் இந்தப் பகுதியில் பெரிய பிழை. பழைய றிம்கள் மிகவும் ஒடுங்கியவை. பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த டபிள்யூஎம்2 வகை றிம்மின் உள் அகலம் 1.85 அங்குலம், அதாவது 47 மில்லிமீற்றர். அதில் 3.25 நன்றாக உட்காரும். 120 மில்லிமீற்றர் ரயரைப் பிடித்து அடைத்தால் இரண்டு சுவரும் உள்ளே இழுபட்டு, ரயரின் முதுகு கூராக எழும்பும். தரை தொடும் துண்டு கூடுவதற்குப் பதில் உருவம் கெட்டு, வளைவில் வண்டி ஒரேயடியாக விழுவதுபோல் சாயும். முதற் பகுதிக் கணக்கையும் நினைத்துப் பாருங்கள்: பாரமும் அமுக்கமும் மாறவில்லை என்றால் அகல ரயரிலும் தரை தொடும் பரப்பு ஏறக்குறைய அதே அளவுதான். அதன் வடிவம்தான் மாறும்.

உள்நூல் அமைப்பில் இரண்டு வகை. நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடுவது குறுக்குநூல் ரயர். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுவது ரேடியல். பழைய வண்டிகளின் றிம்மும் சட்டமும் குறுக்குநூலை நினைத்துச் செய்தவை. இரண்டு சில்லுக்கும் குறுக்குநூலே போடுங்கள். ஒன்றுக்கு இது, ஒன்றுக்கு அது என்று கலக்க வேண்டாம்.

சுருக்கமாக: றிம்முக்குப் பொருந்தும் அகலம், விட்டம் கிட்டிய புதிய அளவு, பாரச் சுட்டெண், செய்த திகதி. கம்பனிப் பெயர் இதற்கெல்லாம் பிறகு. சி90 போன்றவற்றுக்கு இலங்கையிலேயே செய்யும் சியட், டீஎஸ்ஐ ரயர்கள் தாராளமாகப் போதும். 19 அங்குலத்தில் நல்லது வேண்டுமென்றால்தான் ஏவன், டன்லொப் என்று கொழும்புப் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

கடற்காற்றும் ரியூபும்

கம்பிச் சில்லில் ஒவ்வொரு கம்பியும் றிம்மைத் துளைத்து உள்ளே வருகிறது. அந்தத் துளைகளால் காற்று கசியும் என்பதால் ரியூப் தேவை. ரயரில் 'ரியூப் இல்லாதது' என்று எழுதியிருந்தாலும் கம்பிச் சில்லில் ஏற்றும்போது பொருத்தமான ரியூபைப் போட்டே ஆக வேண்டும்.

உப்புவெளியிலோ டொக்யார்ட் வீதிப் பக்கமோ வீடு என்றால் றிம்மின் உள்பக்கத்தை மறக்க வேண்டாம். வெளியே குரோம் மினுங்கும்; உள்ளே உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்து துரு பொரிந்திருக்கும். அந்தப் பொருக்கு ரியூபை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். ஆணியே இல்லாமல் திரும்பத் திரும்பப் பஞ்சர் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ரயர் மாற்றும் நாளில் துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசி, கம்பித் தலைகளை மூடும் இறப்பர்ப் பட்டியைப் புதிதாகப் போடுங்கள். பழைய பட்டி காய்ந்து உடைந்திருந்தால் அதைத் திரும்பப் போடுவது நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ரியூபை இழக்கும் வேலை. புது ரயருக்குப் புது ரியூப். பழையது நீண்டு போயிருக்கும், உள்ளே மடியும்.

முன் ரயரின் கோடுகள்

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் முன் ரயரில் நீளக் கோடுகள் மட்டும் ஓடும், பின் ரயரில் கட்டங்கள் இருக்கும். முன் சில்லின் வேலை திசையைப் பிடிப்பது. அறுபடாத நீள வரிகள் பக்கவாட்டில் நெளியாது. பின் சில்லின் வேலை தள்ளுவது. இரண்டுக்கும் ஒரே பூ உள்ள ரயர் போட்டாலும் குற்றமில்லை. 1969இல் மான் தீவில் (Isle of Man) நடந்த டிடி (TT) போட்டியில் மல்கம் அப்ஹில் ஒரு ட்ரையம்ப் பொன்னவிலில் சராசரி மணிக்கு 100 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அவர் ஓட்டிய டன்லொப் கே81 ரயருக்கு அதன் பிறகு டிடி100 என்ற பெயர் வந்தது. அது இரண்டு சில்லுக்கும் போகும் ரயர். அப்படி இரண்டுக்கும் போகும் ரயரில் அம்புக்குறி இரண்டு இருக்கும்: முன்னுக்கு ஒரு திசை, பின்னுக்கு மறுதிசை. முன்னில் பிறேக் இழுப்பும் பின்னில் இயந்திரத்தின் இழுப்பும் எதிரெதிராக இருப்பதால் அப்படி. கடைக்காரர் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, எவ்வளவு அடிப்பது?

ஜப்பானிய வண்டி என்றால் கைநூல் எண் இன்றும் செல்லும். பல சிறிய ஹொண்டாக்களில் முன் 25, பின் 28, இருவர் என்றால் பின் 32 என்ற அளவில் இருக்கும்.

1940கள், 50களின் பிரிட்டிஷ் கைநூல்களில் மட்டும் கவனம் வேண்டும். முன் ரயருக்கு 16, 18 என்றெல்லாம் இருக்கும். "20 காணும்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. அன்றைய பருத்தி நூல் ரயர் தடித்தது, சுவரே கணிசமான பாரம் தாங்கியது. பல வண்டிகளில் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது, ரயரை மெத்தென்று வைக்க வேண்டியிருந்தது. இன்றைய நைலோன் ரயரின் சுவர் மெல்லியது, பாரத்தைக் காற்றிடமே விடுகிறது. அதனால் ரயர் கம்பனியின் பட்டியலைப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் முன் 24, பின் 28 என்று தொடங்கலாம்.

அளப்பது எப்போதும் குளிர்ந்த நிலையில்: காலையில், வண்டி எடுக்கும் முன், நிழலில். உள்ளே வெப்பநிலை 30 பாகையிலிருந்து 50க்குப் போனால் 28 பிஎஸ்ஐ ஏறக்குறைய 31 ஆகும். வெயிலில் ஓடிவந்து பெற்றோல் செட்டில் அளந்து, "கூடிப் போச்சு" என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 25தான் இருக்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால், அதில் ஒரு பிஎஸ்ஐ பிழை இருந்தாலும் தினமும் அதே பிழை. பொது இயந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

இந்தச் சூட்டையே சோதனைக்கும் பயன்படுத்தலாம். அரை மணி நேரம் வழக்கமான வேகத்தில், குச்சவெளிப் பக்கம் போல் நேர் வீதியில் ஓடி, நிறுத்தியதும் அளந்து பாருங்கள். அமுக்கம் 10 வீதம் அளவில் கூடியிருந்தால் சரி. அதைவிட அதிகம் கூடியிருந்தால் ரயர் மிகையாக வளைந்து சூடாகிறது, காலையில் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். கூடவே இல்லை என்றால் கல்லாக இருக்கிறது, 2 குறைக்கலாம். நைதரசன் அடிக்கச் சொல்பவரிடம் சாதாரணக் காற்றில் 78 வீதம் அதுதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

புது ரயர் ஏற்றிய நாளில் ரியூபுக்குப் பவுடர் தூவி, ஒரு தடவை காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே மடிப்பு இருந்தால் எடுபடும். ரயர் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு றிம்மிலிருந்து சுற்றிவர ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். புது இறப்பரின் மேற்பரப்பு வழுக்கும், முதல் 150 கிலோமீற்றர் சாய்ப்பதிலும் பிறேக்கிலும் நிதானம் வேண்டும். மறுநாள் காலையில் அளந்து பாருங்கள். 2 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருந்தால் ரயர் லீவர் ரியூபைக் கடித்திருக்கக்கூடும். கழற்றித் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள்.